போன்னா போகணும்ல!

ஒரு மென்பொருளை நம்ம பொட்டியில ஏத்த எத்தனை க்ளிக் வேணும்? ரெண்டோ மூணோ. பல நேரம் அது கூட வேணாம், வேற எதையோ நிறுவும்போது கூடவே தொத்திக்கிட்டு வந்து உக்காந்துக்கும். அதையே வெளிய அனுப்பணும்னா பாருங்க வேடிக்கையை. "நிச்சயமாவா?"ன்னு ஒரு கேள்வி. "ஏன் போகச் சொல்றீங்க?"ன்னு ஒரு சர்வே. "பாதி விலைக்குத் தர்றோம், இருக்கட்டுமே"ன்னு ஒரு கெஞ்சல். இத்தனையும் தாண்டி கடைசியா ஒரு பட்டை முக்கால்வாசி ஓடி, "பிழை ஏற்பட்டது"ன்னு நின்னுடும். பொட்டியை அணைச்சுப் போட்டா கடிகாரத்துக்குப் பக்கத்துல அதே ஐகான் சிரிச்சுக்கிட்டு நிக்கும்.

இதையெல்லாம் நாம "சிஸ்டம் பிரச்சினை"ன்னு சொல்லிப் பழகிட்டோம். பக்கத்துத் தெரு சர்வீஸ் தம்பியும் "வைரஸ் சார், ஃபார்மேட் அடிச்சிடலாம்"ம்பாரு. என் கருத்து வேற. போகாத மென்பொருள்கள்ல பாதி, போகக்கூடாதுன்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்ணினதால போகாம இருக்கு. மீதிப் பாதி, போறதைப் பத்தி யாருமே யோசிக்காததால போகாம இருக்கு. விண்டோஸ் பாவம், நடுவுல நிக்கிற தபால்காரர்.

அது எப்படின்னு கேட்டீங்கன்னா, கன்ட்ரோல் பேனல்ல (இப்ப செட்டிங்ஸ்) அந்த நீளமான பட்டியல் இருக்கு பாருங்க, அது விண்டோஸ் 95ல, அதாவது 1995ல வந்த ஏற்பாடு. அதுக்கு முன்னாடி விண்டோஸ் 3.1 காலத்துல பொதுவான வழின்னு ஒண்ணும் கிடையாது. ஃபோல்டரை அழிச்சிட்டு, ஐஎன்ஐ கோப்புல போய் வரி வரியா நோண்டணும். 95ல என்ன பண்ணாங்கன்னா, ரிஜிஸ்ட்ரியில 'அன்இன்ஸ்டால்'னு ஒரு இடம் ஒதுக்கினாங்க. ஒவ்வொரு மென்பொருளும் அங்க தன் பேரை எழுதி, "என்னை நீக்கணும்னா இந்த நிரலை ஓட்டு"ன்னு ஒரு வரியும் எழுதி வைக்கும். நீங்க 'நீக்கு' பொத்தானை அமுக்கினா விண்டோஸ் அந்த வரியை எடுத்து ஓட்டும். அவ்ளோதான் அதோட வேலை. உள்ள என்ன நடக்குது, எல்லாம் போச்சா, எதையாவது விட்டுட்டுப் போச்சா, எதையும் அது பார்க்காது.

அதாவது வாடகைக்கு வந்தவரைக் காலி பண்ற அதிகாரத்தை வாடகைக்கு வந்தவர் கையிலயே குடுத்திருக்கோம். அவரு நல்லவரா இருந்தா சாவியைக் குடுத்துட்டுப் போவாரு. இல்லைன்னா நாலு மூட்டையைப் பரண்ல விட்டுட்டு, பின்வாசல் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் போவாரு.

அப்புறம் எம்எஸ்ஐன்னு ஒரு முறை வந்துச்சு, விண்டோஸ் இன்ஸ்டாலர். இதுல நிறுவுறதும் நீக்குறதும் விண்டோஸ் பொறுப்பு. கொஞ்சம் ஒழுங்கான வழிதான். ஆனா நீக்குறதுக்கு நிறுவின கோப்போட நகல் வேணும். அந்த நகல்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள 'இன்ஸ்டாலர்'ங்கிற மறைவான ஃபோல்டர்ல கிடக்கும். "சி ட்ரைவ்ல இடமில்லை, இது என்ன இத்தனை ஜிபி?"ன்னு யாராவது அதை அழிச்சாங்கன்னா போச்சு. அன்னையிலிருந்து நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. "பழைய கோப்பைக் காட்டு"ன்னு அடம் பிடிக்கும். இந்த வகைக்கு மைக்ரோசாஃப்டே ஒரு துப்புரவுக் கருவி குடுத்துச்சு, அப்புறம் அது மத்த மென்பொருள்களையும் சேர்த்துக் கெடுக்குதுன்னு 2010ல திரும்ப வாங்கிக்கிச்சு. இதெல்லாம் கவனக்குறைவு ரகம். கோபம் வரும், ஆனா யார் மேலயும் சந்தேகம் வராது.

நியாயமான பிடிவாதம்னும் ஒண்ணு உண்டு. ஆன்டிவைரஸ். வைரஸ் உள்ள வந்ததும் முதல்ல பண்ற வேலை காவல்காரனைத் தீர்த்துக்கட்டுறதுதான். அதனால ஆன்டிவைரஸ்காரங்க கெர்னல் அளவுல ட்ரைவர் போட்டு, "என்னை யாரும் நிறுத்த முடியாது"ன்னு தற்காப்பு பண்ணிக்கிறாங்க. அதனாலதான் மெக்கஃபி, நார்ட்டன் மாதிரி பெரிய கம்பெனிகள் நீக்குறதுக்குன்னே தனிக் கருவி வெளியிட்டிருக்காங்க. இதை நான் ஒத்துக்கிறேன். என் கேள்வி என்னன்னா, புது லேப்டாப் வாங்கும்போது நாம கேக்காமலே 30 நாள் இலவசம்னு ஏன் அதை உள்ள வெச்சுக் குடுக்கணும்? வரும்போது விருந்தாளி, போகச் சொன்னா கெர்னல்ல வேர் விட்ட ஆலமரம். நல்லா இருக்கு கதை.

இனி வேணும்னே போகாதது. இங்கதான் எனக்குச் சூடு ஏறுது.

2005ல சோனி பிஎம்ஜி தன்னோட இசை சிடிகள்ல ஒரு வேலை பண்ணுச்சு. பாட்டு கேக்கலாம்னு சிடியை பொட்டியில போட்டா, காப்பி பண்ண விடாம தடுக்கிற மென்பொருள் ஒண்ணு உள்ள போகும். போனதோட இல்லாம, தன்னை மறைச்சுக்கும். 'டாலர் சிஸ் டாலர்'னு பேர் ஆரம்பிக்கிற எந்தக் கோப்பும் விண்டோஸ் கண்ணுக்கே தெரியாம பண்ணிடும். மார்க் ருசினோவிச்ங்கிறவர் அந்த வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி இதைப் போட்டு உடைச்சாரு. நீக்குற வழியே அவருக்குத் தெரியலை. கையால ட்ரைவரை நீக்கினா சிடி ட்ரைவே காணாமப் போச்சு! மனுஷன் விண்டோஸோட உள் உறுப்பெல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கிறவரு. அவருக்கே இந்தக் கதின்னா பாட்டு கேட்க சிடி வாங்கினவங்க என்ன பண்ணுவாங்க?

இதை விடக் கொடுமை அப்புறம்தான். ஊரே கத்தின பிறகு சோனி ஒரு அன்இன்ஸ்டாலர் குடுத்துச்சு. அதை வாங்க வலைப்பக்கத்துல படிவம் நிரப்பணும். சரின்னு வாங்கி ஓட்டினா, அது பொட்டியில இன்னொரு ஓட்டையைப் போட்டுட்டுப் போச்சு. எந்த வலைத்தளமும் உள்ள புகுந்து நிரல் ஓட்டலாம்ங்கிற அளவுக்கு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் இதைக் கண்டுபிடிச்சாங்க. கடைசியா சிடிகளைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க, வழக்குகள் வந்துச்சு, சமரசம் ஆச்சு.

(இதே ஃபெல்டன்தான் 1998ல அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல போட்ட வழக்குல, விண்டோஸ் 98லிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கழட்டலாம்னு காட்ட ஒரு நிரல் எழுதினவரு. "கழட்டவே முடியாது, ரெண்டும் ஒண்ணு"ன்னு கம்பெனி சொல்லிக்கிட்டிருந்த நேரம் அது. 2001 ஜூன்ல மேல்முறையீட்டு நீதிமன்றம், நீக்கும் பட்டியல்லயிருந்து எக்ஸ்ப்ளோரரை எடுத்ததே போட்டிச் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லுச்சு. ஒரு பட்டியல்ல ஒரு வரி இல்லாததுக்கு நீதிமன்றம் வரைக்கும்! அந்த ஒரு வரியோட மதிப்பு அவ்வளவு.)

2015 பிப்ரவரியில லெனோவா கதை வெளிய வந்துச்சு. சில லேப்டாப்கள்ல 'சூப்பர்ஃபிஷ்'னு ஒரு விளம்பர மென்பொருளை முன்கூட்டியே போட்டு வித்திருந்தாங்க. அது நீங்க பாக்கிற பாதுகாப்பான பக்கங்களுக்கு நடுவுலயும் புகுந்து விளம்பரம் காட்டுறதுக்காகத் தன் சொந்தச் சான்றிதழை விண்டோஸ்ல நம்பகமானதுன்னு பதிஞ்சு வெச்சுச்சு. எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியை ஒருத்தர் உடைச்சா எல்லாப் பொட்டியும் திறந்த வீடு. உடைச்சும் காட்டினாங்க. இப்ப கவனிங்க, பட்டியல்ல போய் சூப்பர்ஃபிஷ்ஷை நீக்கினா நீங்கும். ஐகான் போயிடும், விளம்பரம் போயிடும். சான்றிதழ் மட்டும் அப்படியே இருக்கும். நீக்கிட்டோம்னு நிம்மதியா பேங்க் கணக்கைத் திறக்கிறவர்தான் அதிகம் மாட்டியிருப்பாரு. பரண்ல மூட்டைன்னு சொன்னேனே, அது இதுதான்.

மேக் வெச்சிருக்கிறவங்க சிரிக்க வேணாம். 2019 ஜூலையில ஸூம் மேட்டர் ஞாபகம் இருக்கா? மேக்ல ஸூமைத் தூக்கிக் குப்பையில போட்டாலும், ஒரு குட்டி சர்வர் பின்னாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு. எப்பவாவது யாராவது அனுப்பின மீட்டிங் சுட்டியை அமுக்கினா, உங்களைக் கேக்காமலே ஸூம் திரும்ப நிறுவிக்கும். கடைசியில ஆப்பிளே சத்தமில்லாம ஒரு அப்டேட் அனுப்பி அதைப் பிடுங்க வேண்டியதாச்சு. அதுக்கு அடுத்த வருஷம் உலகமே ஸூம்ல குடியேறினது வேற விஷயம் :-)

சரி, வெளிநாட்டுக் கதை போதும். எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

அக்கா பொண்ணு 2020 ஊரடங்குல வேலைக்குச் சேர்ந்தா. கம்பெனி லேப்டாப் குடுக்கலை, "உன் லேப்டாப்லயே பண்ணு"ன்னு சொல்லி ஒரு மென்பொருளை அனுப்பிப் போடச் சொன்னாங்க. எத்தனை மணி நேரம் வேலை பாக்குறாங்கன்னு கணக்கெடுக்க, நடுநடுவுல திரையைப் படம் பிடிக்க. அப்ப வேலை கிடைச்சதே பெருசு, போட்டுட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு வேற வேலைக்கு மாறினா. கணக்கு முடிச்சாங்க, கடிதம் குடுத்தாங்க. மென்பொருளை மட்டும் யாரும் நினைக்கலை. இவ நீக்கப் போனா, "நிர்வாகி கடவுச்சொல் தேவை"ங்குது. யார் நிர்வாகி? பொட்டி இவளோடது, காசு குடுத்தது எங்க மாமா. ஆனா கடவுச்சொல் பழைய கம்பெனியில இருக்கு. மெயில் போட்டா பதில் இல்லை. ஃபோன் பண்ணினா "ஐடி டீம்ல சொல்றோம் மேடம்". மூணு வாரம்.

"மாமா, அது இன்னும் படம் எடுக்குதா இல்லையான்னு கூடத் தெரியலை. பேங்க் வேலைக்கு லேப்டாப்பைத் திறக்கவே பயமா இருக்கு"ன்னா. கேமராவுல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருந்தா. இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, சொந்த ரூம்ல சொந்தப் பொட்டியைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கா. போகாத மென்பொருள்னா எரிச்சல்னு நினைக்கிறவங்களுக்கு இதைச் சொல்றேன்.

கடைசியில முக்கியமான கோப்புகளை மட்டும் எடுத்து வெச்சிட்டு, வேற பொட்டியில விண்டோஸ் தளத்துலயிருந்து பென்ட்ரைவ்ல ஏத்தி, டிஸ்க்கைச் சுத்தமா துடைச்சு முதல்லயிருந்து போட்டோம். ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. கடவுச்சொற்களை வேற பொட்டியிலயிருந்து மாத்தினோம். அப்புறம்தான் பிளாஸ்திரியைப் பிச்சா.

அவ்வளவு தூரம் போக வேண்டாத சாதாரண அடங்காப்பிடாரிகளுக்கு நான் பண்றதைச் சொல்றேன். முதல்ல ஒரு ரீஸ்டோர் பாயின்ட். அப்புறம் அந்த மென்பொருளோட சொந்தத் தளத்துல நீக்கும் கருவி இருக்கான்னு பாப்பேன், குறிப்பா ஆன்டிவைரஸ்னா இதைத் தவிர வேற வழியில போகவே மாட்டேன். இல்லைன்னா டாஸ்க் மேனேஜர்ல அது சம்பந்தப்பட்டதை எல்லாம் நிறுத்திட்டு, சர்வீஸ்கள்ல அதோட பேர்ல எதாவது ஓடுதான்னு பாத்து அதையும் நிறுத்திட்டு, மறுபடி நீக்கிப் பாப்பேன். பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும், ஓடிக்கிட்டிருக்கிற கோப்பை விண்டோஸ் அழிக்க விடாதுங்கிறதுதான் பிரச்சினையா இருக்கும். சில நேரம் அன்இன்ஸ்டாலரே உடைஞ்சு போயிருக்கும். அப்ப அதே பதிப்பைத் திரும்ப மேலயே நிறுவிட்டு நீக்கினா ஒழுங்கா போகும். கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா நல்லா வேலை செய்யும்.

அதுக்கும் மசியலைன்னா சேஃப் மோடு. ஒண்ணு கவனம், சேஃப் மோடுல விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் தானா ஓடாது, அதனால எம்எஸ்ஐ வகை அங்க போகாது. மத்ததுக்கு அருமையான இடம். அடுத்து ரெவோ அன்இன்ஸ்டாலர் மாதிரி ஒரு கருவி. இது முதல்ல மென்பொருளோட சொந்த அன்இன்ஸ்டாலரை ஓட்டிட்டு, பிறகு மிச்சம் மீதியைத் தேடும். தேடிக் காட்டுற பட்டியலைப் படிக்காம எல்லாத்தையும் டிக் பண்ணாதீங்க. கடைசியா ஆட்டோரன்ஸ். நான் மேல சொன்ன அதே ருசினோவிச் எழுதினது, 2006ல அவரோட கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கினதுலயிருந்து அவங்க தளத்துலயே இலவசமா கிடைக்குது. பொட்டி துவங்கும்போது என்னெல்லாம் தானா எழுந்து உக்காருதுன்னு மூலை முடுக்கெல்லாம் காட்டும். நீக்கினது திரும்பத் திரும்ப வருதுன்னா பெரும்பாலும் ஷெட்யூல்டு டாஸ்க்ல ஒரு வேலையா ஒளிஞ்சிருக்கும், இதுல மாட்டிக்கும். அழிக்காதீங்க, டிக்கை மட்டும் எடுத்துட்டு ரெண்டு நாள் பாருங்க.

இந்த 'ரிஜிஸ்ட்ரி க்ளீனர்' பக்கம் மட்டும் போயிடாதீங்க. 1,432 பிழைகள்னு சிவப்புல காட்டிப் பயமுறுத்துற அதே ஆசாமியை நீக்கத்தான் அடுத்த வாரம் வழி தேடிக்கிட்டிருப்பீங்க. மைக்ரோசாஃப்டே இந்த மாதிரி கருவிகளை ஆதரிக்கிறதில்லைன்னு சொல்லியிருக்கு.

சரி, இத்தனை வித்தை நாம ஏன் கத்துக்கணும்? இதுதான் என் ஆதங்கமே. "தெரியாதவங்க எதையாவது நீக்கிட்டு சிஸ்டம் கெட்டுப் போச்சுன்னு வருவாங்க, அதனாலதான் பூட்டி வெக்கிறோம்"னு கம்பெனிகள் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. சிஸ்டம் ஓட அவசியமானதைப் பூட்டு, யார் வேணாம்னா? ஆனா எது அவசியம்னு அவங்களே முடிவு பண்ணும்போது, உலாவி அவசியமாயிடுது, சாட் அவசியமாயிடுது, விளையாட்டு அவசியமாயிடுது.

எது அவசியம்ங்கிறது தொழில்நுட்ப விஷயமே இல்லைன்னு ஐரோப்பாக்காரங்க நிரூபிச்சுட்டாங்க. அங்க டிஜிட்டல் சந்தைச் சட்டம்னு ஒண்ணு. 2024 மார்ச்லயிருந்து பெரிய கம்பெனிகள் தங்களோட செயலிகளைச் சுலபமா நீக்க விடணும். உடனே என்ன ஆச்சு? விண்டோஸ்ல எட்ஜ் உலாவியை நீக்குற வசதி வந்துடுச்சு. எங்க? ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில மட்டும். விண்டோஸை முதல்ல அமைக்கும்போது நீங்க எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு பாத்து முடிவு பண்ணுது. அதே விண்டோஸ், அதே எட்ஜ். டப்ளின்ல நீக்கினா சிஸ்டம் ஜம்முனு ஓடும், திண்டுக்கல்ல மட்டும் கெட்டுப் போயிடுமாக்கும்!

நம்ம ஊர்ல முயற்சி நடக்காம இல்லை. ஃபோன் விஷயத்துல 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம் போட்டப்ப, முன்னாடியே போட்டுக் குடுக்கிற செயலிகளை நீக்க விடணும்னும் ஒரு உத்தரவு போட்டுச்சு. 2023 மார்ச்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வெச்சுக்கிட்டு நாலு உத்தரவை ரத்து பண்ணுச்சு. அந்த நாலுல இதுவும் ஒண்ணு. அபராதம் கூகுளுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல நடக்கிற கணக்கு, எனக்கு அதுல பைசா வராது. எனக்கு உபயோகமான ஒரே வரி போயிடுச்சு.

அரசாங்கமும் இந்த ஆசைக்கு விதிவிலக்கில்லை. 2025 நவம்பர் கடைசியில தொலைத்தொடர்புத் துறை 'சஞ்சார் சாத்தி' செயலியைப் புது ஃபோன்கள்ல எல்லாம் போட்டே விக்கணும், அதோட செயல்பாட்டை முடக்கக் கூடாதுன்னு கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும், "வேணாம்னா நீக்கிக்கலாம்"னு அமைச்சர் சொன்னாரு, டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயத்தையே வாபஸ் வாங்கினாங்க. தொலைஞ்ச ஃபோனைக் கண்டுபிடிக்க உதவுற நல்ல செயலிதான் அது. நல்லதோ கெட்டதோ, நீக்க முடியாதுன்னதும் ஜனங்க உஷாரானாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. லேப்டாப் வாங்கும்போதும் அந்த உஷார் வேணும். கடைக்காரர்கிட்ட ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவுன்னு கேக்கிறோம்ல, "இதுல முன்னாடியே என்னென்ன போட்டிருக்கு, எதையெல்லாம் நீக்கலாம்?"னும் ஒரு கேள்வி கேளுங்க. முழிப்பாரு. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்குப் பதில் வெச்சிருப்பாரு.

ஒழுங்கா போற மென்பொருளும் உலகத்துல இருக்குங்க. தமிழ் எழுத இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர்னு என் பொட்டியில எத்தனை வந்து போயிருக்கு. சர்வே இல்லை, கெஞ்சல் இல்லை, போன்னா போச்சு. காசு வாங்காம குடுத்தவங்க எழுதினதுங்க அதெல்லாம்.

பி.கு: சொந்த லேப்டாப்ல ஆபீஸ் மென்பொருள் போட்டிருக்கிறவங்க, வேலையை விடும் முன்னாடி, அதாவது கடைசி நாளைக்கு முன்னாடியே, ஐடி ஆளை வெச்சு நீக்கிடுங்க. செட்டிங்ஸ்ல 'அக்கவுன்ட்ஸ்' போய், ஆபீஸ் கணக்கு இணைஞ்சிருந்தா அதையும் துண்டிச்சிடுங்க. அது இருக்கிற வரைக்கும் நீக்கினது திரும்ப வரலாம். சம்பள பாக்கியைக் கேட்டு வாங்குற மாதிரி இதையும் கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.